டீஜே மிக்சர் வாங்கும்போது காசு எந்தப் பாகத்துக்குப் போகிறது?

கேள்வி இதுதான்: வீட்டில் பழகுகிறேன், அவ்வப்போது சின்ன விழாக்களில் பாட்டுப் போடுகிறேன். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு மிக்சர்கள் கிடைக்கின்றன. ஒன்று எஃபெக்டுகள் நிறைந்த நான்கு சேனல் மிக்சர், இன்னொன்று எந்த அலங்காரமும் இல்லாத இரண்டு சேனல் மிக்சர். மூன்று மடங்கு கொடுத்தால் கிளப்களில் வைத்திருக்கும் ரகமே வாங்கலாம். விலை கூடினால் உறுதியும் கூடுமா? எதில் காசைப் போடுவது?

விலை கூடினால் ஏதோ ஒன்று கூடும். அது உறுதியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு மிக்சரின் விலைக்குள் நான்கு விதமான செலவு கலந்து கிடக்கிறது. கை படும் ஃபேடர் (ஒலியளவை மாற்றச் சறுக்கி நகர்த்துவது), குமிழ், பட்டன்கள் ஒன்று. ஒலி கடந்து போகும் சர்க்யூட்டும் மின்சப்ளையும் இரண்டாவது. எஃபெக்ட், திரை, சவுண்ட் கார்டு போன்ற வசதிகள் மூன்றாவது. நான்காவது, தயாரிப்பாளரின் பெயர். முதல் இரண்டுக்குக் கொடுத்த காசு பல வருஷம் உங்களோடு தங்கும். மூன்றாவது, மென்பொருள் மாற மாறப் பழசாகிவிடும். பெயருக்குக் கொடுப்பதில் ஒரு பகுதி மட்டும் மறுவிற்பனையில் திரும்பி வரும். அதனால் மொத்த விலையை ஒப்பிடாதீர்கள். அந்த விலை இந்த நான்கில் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்.

அதற்கு முன்னால் நீங்கள் மிக்சரை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒரே பாகம் ஒருவரிடம் ஒரு வாரம் தாங்காது, இன்னொருவரிடம் வருஷக்கணக்கில் ஓடும். மலிவு ஃபேடர்களாக இருக்கும் சாதாரண கார்பன் ஸ்லைடு பொட்டன்ஷியோமீட்டர்களின் தரவுத்தாளில் ஆயுள் 15,000 முறை என்ற அளவில் போட்டிருக்கும். ஒரு முறை என்றால் போய்த் திரும்புவது. ஸ்கிராட்ச் (ரெக்கார்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புவது) பழகுகிறவர் நொடிக்கு 2 முறை கிராஸ்ஃபேடரை, அதாவது ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் குறுக்கு ஃபேடரை, திறந்து மூடினால் நிமிடத்துக்கு 120, அரை மணி நேரத்துக்கு 3,600. தினம் அரை மணி நேரம் பழகினாலே ஐந்தாம் நாள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை பாட்டு மாற்றுகிறவரோ மணிக்கு 15 முறைதான் அதைத் தொடுவார். அதே பாகம் அவருக்கு 1,000 மணி நேரம் வரும். அதுவும் கிராஸ்ஃபேடரைத் தொட்டால்தான். சேனல் ஃபேடரிலேயே பாட்டை ஏற்றி இறக்குகிறவர்கள் நிறையப் பேர்.

ஸ்கிராட்ச் உங்கள் நோக்கம் என்றால் பட்ஜெட்டின் பெரும்பகுதி கிராஸ்ஃபேடருக்குத்தான் போக வேண்டும். இல்லையென்றால் கிராஸ்ஃபேடரின் தரத்துக்காக ஒரு பைசாகூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை. ஈக்யூ (பேஸ், நடு, கூர் ஒலிகளைச் சரிசெய்வது), கெய்ன் (உள்ளே வரும் ஒலியின் அளவு) குமிழ்களும் சேனல் ஃபேடர்களும் எப்படி என்பதுதான் முக்கியம்.

ஃபேடரில் மூன்று தலைமுறை

பழைய, மலிவான அமைப்பில் ஒலி சிக்னலே ஃபேடருக்குள் ஓடும். கார்பன் பாதையின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டு போகும். தூசி புகுந்தாலோ, உயவு காய்ந்தாலோ, பாதை தேய்ந்தாலோ அந்தக் கரகரப்பு நேராக ஸ்பீக்கரில் கேட்கும்.

அடுத்தது விசிஏ (மின்னழுத்தத்தால் கட்டுப்படும் பெருக்கி) அமைப்பு. இதில் ஃபேடருக்குள் ஒலி போவதில்லை. ஃபேடர் ஒரு சின்ன டிசி மின்னழுத்தத்தை மட்டும் மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தைப் பார்த்து வேறொரு சர்க்யூட் ஒலியை ஏற்றி இறக்குகிறது. டிஜிட்டல் மிக்சரில் அந்த மின்னழுத்தத்தைச் சிப் படித்து எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஃபேடரில் லேசாகத் தூசி படிந்தாலும் கரகரப்பு கேட்காது, ஒரு கெபாசிட்டர் அதை வடிகட்டிவிடும். ஆனால் பாகம் தேயாமல் இருப்பதில்லை. தேய்மானத்தின் அறிகுறி வேறாக இருக்கும்: மூடிய பக்கத்தில் ஒலி மெல்லியதாகக் கசியும், அல்லது ஃபேடர் ஓர் இடத்தில் நிற்கும்போது அளவு திடீரெனத் தாவும். ‘விசிஏ, அதனால் தேயாது’ என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, தொடாமல் இயங்குபவை. காந்தத்தை வைத்து இடத்தை அறிபவை, ஒளியை மறித்து அறிபவை, மின்தேக்க மாற்றத்தால் அறிபவை என்று வகைகள் உண்டு. பயனியரின் மேக்வெல், ரேனின் மேக் வரிசை இரண்டும் காந்த வகை. தனியாக வாங்கிப் பொருத்தும் இன்னோஃபேடர் மின்தேக்க வகை. இவற்றில் தேயக்கூடியது ஃபேடர் சறுக்கும் கம்பியும் அதன் எண்ணெயும் மட்டும்தான். ரேன் செவன்டி போன்ற ஸ்கிராட்ச் மிக்சர்களில் கிராஸ்ஃபேடரோடு இரண்டு சேனல் ஃபேடர்களும் காந்த வகையாகவே வருகின்றன. விலை ஏறுவதற்கு அது நியாயமான காரணம். ஸ்கிராட்ச் செய்கிறவர்கள் இடது கை, வலது கை மாற்றி சேனல் ஃபேடரையும் அதே வேகத்தில் வெட்டுவார்கள்.

ஃபேடரைக் கையில் சோதிக்கும்போது வழவழப்பை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் நகர்த்தினால் ஒலி திறக்கிறது என்று பாருங்கள். ஸ்கிராட்ச்சுக்கு அது 1 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 3, 4 மி.மீ. போன பிறகுதான் திறக்கிறது என்றால் வேகமான வெட்டுகள் குழறும். நல்ல மிக்சரில் இந்தத் தூரத்தைச் சரிசெய்ய ஒரு திருகோ மெனுவோ இருக்கும். கர்வ் குமிழை (ஃபேடர் மெல்லத் திறக்க வேண்டுமா, சட்டென்று திறக்க வேண்டுமா என்று மாற்றுவது) வளைவான பக்கம், செங்குத்தான பக்கம் இரண்டுக்கும் திருப்பி, இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

உறுதியை எப்படிக் கண்டுபிடிப்பது

எடையை வைத்து முடிவு செய்வது பழக்கமாகிவிட்டது. அது தப்பு. அடியில் இரும்புத் தகடு வைத்து எடையைக் கூட்ட முடியும். மின்சப்ளை உள்ளேயே இருந்தாலும் எடை கூடும். எடையை விட்டுவிட்டு, பாகங்கள் எதில் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்.

குமிழைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். குமிழ் மட்டும் துளி ஆடினால் பரவாயில்லை. தண்டோடு சேர்ந்து ஆடினால் அந்தப் பொட்டன்ஷியோமீட்டர் மேல்தகட்டில் நட்டு போட்டு இறுக்கப்படவில்லை, உள்ளே போர்டில் சால்டர் செய்த கால்களில் மட்டும் நிற்கிறது என்று அர்த்தம். உங்கள் விரலின் ஒவ்வொரு அழுத்தமும் அந்தச் சால்டரில்தான் இறங்கும். ஒரு நாள் விரிசல் விழும், ஒரு சேனலில் பேஸ் விட்டு விட்டு வரும். குமிழைக் கழற்றிப் பார்க்க அனுமதித்தால் சுற்றிலும் நட்டு இருக்கிறதா, தண்டு உலோகமா பிளாஸ்டிக்கா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பின்பக்கம் திரும்புங்கள். ஆர்சிஏ சாக்கெட்டுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு திருகு பின்தகட்டில் பிடித்திருந்தால் நல்லது. திருகே இல்லாமல் தகட்டின் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும் சாக்கெட்டுகள், கேபிளைப் பிடுங்கும்போதெல்லாம் போர்டை இழுக்கும். ஹெட்ஃபோன் சாக்கெட்டில் 6.35 மி.மீ. பிளக்கைச் செருகி மேலும் கீழும் லேசாக அழுத்துங்கள். சாக்கெட் தகட்டோடு நிற்க வேண்டும். மிக்சரில் தினமும் செருகிப் பிடுங்கும் ஒரே இடம் இது, முதலில் கெடுவதும் பெரும்பாலும் இதுதான்.

கியூ பட்டன்களை (ஒரு சேனலை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்க வைப்பவை) ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எல்லாம் ஒரே ஆழத்தில், ஒரே ‘டிக்’ என்று இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன டேக்ட் சுவிட்ச் மலிவான பொருள்தான், மாற்றவும் முடியும். ஆனால் அதை மாற்ற மிக்சரை முழுக்கப் பிரிக்க வேண்டியிருக்கும், கூலி பொருளின் விலையைவிடப் பல மடங்கு ஆகும்.

பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதையும் உறுதியோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். கிராஸ்ஃபேடர் மேலே நாலு திருகில் கழன்று வருகிறதா, இல்லை அடித்தகடு வரை பிரிக்க வேண்டுமா? சேனல் ஃபேடர்கள் தனித்தனியாக ரிப்பன் கேபிளில் இணைந்திருக்கின்றனவா, எல்லாம் ஒரே போர்டில் சால்டர் ஆகியிருக்கின்றனவா? சர்வீஸ் மேனுவல் கிடைக்கிறதா, ஃபேடரின் பாக எண்ணைத் தேடினால் விற்பனைக்கு வருகிறதா? இதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஸ்கிராட்ச் உலகில் கொண்டாடப்பட்ட வெஸ்டாக்ஸ் நிறுவனம் 2014இல் திவாலானது. அதன் மிக்சர்கள் இன்னும் அருமையாக ஓடுகின்றன, ஆனால் அசல் உதிரிபாகங்களின் வரத்து அதோடு நின்றுபோனது. உத்தரவாதச் சீட்டையும் படியுங்கள். ஃபேடர் ‘தேய்மானப் பொருள்’ என்று விலக்கப்பட்டிருந்தால் அந்த உத்தரவாதம் உங்களுக்கு எதற்குத் தேவையோ அதற்கே உதவாது.

ஒலிப் பாதை

ஈக்யூவில் முதலில் கேட்க வேண்டியது: இடதுகோடி வரை திருப்பினால் அந்தப் பகுதி முழுக்க அணைகிறதா? முழுக்க அணைப்பதை ஐசோலேட்டர் என்கிறார்கள். சாதாரண ஈக்யூ -26 டெசிபல் அளவில் நின்றுவிடும், பேஸ் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். 2016இல் வந்த பயனியர் டீஜேஎம்-900 நெக்சஸ் 2 போன்றவற்றில் ஒரு சுவிட்சில் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஆலன் அண்ட் ஹீத்தின் ஸோன் 92 மூன்றுக்குப் பதில் நான்கு பட்டை ஈக்யூ தருகிறது. நீளமாகக் கலக்குகிறவர்களுக்கு நடுப்பகுதியை இரண்டாகப் பிரித்தாளும் வசதி பெரிய விஷயம். மலிவு மிக்சரில் வேறொரு குறை இருக்கும்: குமிழ் நடுவில் ‘டிக்’ என்று நின்றாலும் ஈக்யூ உண்மையில் பூஜ்யத்தில் இருக்காது. ஒரே பாட்டை ஒரு ஸ்பிளிட்டர் கேபிள் வழியாக இரண்டு சேனலுக்கும் கொடுத்து, எல்லாக் குமிழ்களும் நடுவில் இருக்க, மாறி மாறிக் கேளுங்கள். இரண்டு சேனலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஒன்று மந்தமாகவும் மற்றொன்று கூராகவும் இருந்தால் அந்த மிக்சரில் பயன்படுத்திய பொட்டன்ஷியோமீட்டர்கள் தரம் பிரிக்கப்படாதவை.

ஒவ்வொரு சேனலுக்கும் தனி மீட்டர் இருப்பதை நான் எஃபெக்டுகளைவிட மேலாக மதிப்பேன். இரண்டு பாட்டு ஒரே நேரத்தில் ஓடும்போது பேஸ் சராசரியாக 3 டெசிபல் கூடும். அலைகள் சரியாக ஒத்துப்போனால் 6 டெசிபல் வரை ஏறும். சேனல் மீட்டர் இல்லையென்றால் எது மிகுதியாக உள்ளே வருகிறது என்று தெரியாமல் மாஸ்டரை, அதாவது மொத்த வெளியீட்டின் அளவை, குறைப்பீர்கள். சேனலுக்குள்ளேயே ஒலி நசுங்கியிருந்தால் மாஸ்டரைக் குறைத்து அது திரும்பி வராது.

டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் ஃபோனோ பகுதியை, அதாவது டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதியை, கவனியுங்கள். எம்எம் (நகரும் காந்த) வகைக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்திய முனை, தருவது 4 மில்லிவோல்ட் சுற்றளவுதான். அதை ஏறக்குறைய 100 மடங்கு, அதாவது 40 டெசிபல், பெருக்கினால்தான் 400 மில்லிவோல்ட் ஆகும். அதோடு ரெக்கார்டு வெட்டும்போது குறைத்த பேஸை ஆர்ஐஏஏ வளைவுப்படி மறுபடி உயர்த்த வேண்டும். 50 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் அந்த உயர்வு 17 டெசிபல். மின்கம்பியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் ‘உம்ம்’ இரைச்சலும் அதே 50 அல்லது 60 ஹெர்ட்ஸ்தான், ஆகவே அதுவும் சேர்ந்து பெருகும். மலிவு மிக்சரின் தரம் கையும் களவுமாகப் பிடிபடுவது இங்கேதான். டர்ன்டேபிளை இணைத்து, எர்த் கம்பியைப் பின்னால் இருக்கும் திருகில் கட்டி, ஊசியைத் தூக்கிவைத்துவிட்டு ஹெட்ஃபோனில் ஒலியை ஏற்றிக் கேளுங்கள். சீரான மெல்லிய ‘ஸ்ஸ்’ இருக்கலாம், ‘உம்ம்’ இருக்கக் கூடாது. டர்ன்டேபிளே இல்லாதவர் ஃபோனோவுக்காக எதுவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

வெளியே விழாக்களில் பாட்டுப் போடுவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் மாஸ்டர் வெளியீடு எக்ஸ்எல்ஆர் அல்லது 6.35 மி.மீ. டிஆர்எஸ் வடிவில் பேலன்ஸ்டாக (வழியில் ஒட்டும் இரைச்சலை ரத்துசெய்யும் அமைப்பில்) இருப்பது அவசியம். ஆர்சிஏ கேபிள் ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் வழியில் இருக்கும் விளக்குக் கம்பிகளின் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். தொழில்முறை அளவு +4 டிபியு என்பது 1.228 வோல்ட். வீட்டுச் சாதன அளவு -10 டிபிவி என்பது 0.316 வோல்ட். இரண்டுக்கும் நடுவே 12 டெசிபலுக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். ஆர்சிஏ மட்டும் உள்ள மிக்சரைப் பெரிய சிஸ்டத்தில் இணைத்தால் ஒலி போதவில்லை என்று கெய்னை முறுக்கி நசுக்குவது இதனால்தான். தனி பூத் வெளியீடு (டீஜே தனக்காக வைக்கும் ஸ்பீக்கருக்கு), மாஸ்டர் குமிழுக்குக் கட்டுப்படாத ரெக்கார்டு வெளியீடு இரண்டும் இருந்தால் நல்லது. மைக் உள்ளீட்டைப் பெரிதாக நம்ப வேண்டாம். மலிவு மிக்சர்களில் அதன் ஈக்யூ பெயருக்குத்தான்.

ஹெட்ஃபோன் ஆம்ப் பலர் மறக்கும் இடம். வீட்டில் போதும் என்று தோன்றும் அளவு, பக்கத்தில் ஸ்பீக்கர் முழங்கும்போது போதாது. நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் ஹெட்ஃபோனைக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். 32 ஓம் ஹெட்ஃபோனில் நன்றாக ஒலிப்பது 250 ஓம் ஹெட்ஃபோனில் முனகும்.

மின்சப்ளை

மின்சப்ளை உள்ளே இருந்து, பின்னால் கழற்றிச் செருகும் சாதாரண மூன்று முள் கேபிள் வருவது நல்ல அமைப்பு. கேபிள் போனால் எங்கும் கிடைக்கும். வெளியே தொங்கும் அடாப்டர் வைத்த மிக்சரில் அந்த மெல்லிய பிளக் ஆடி ஆடி நடுவில் அணையும். அடாப்டர் தொலைந்து வேறொன்றைச் செருகும்போது பெரிய விபத்து நடக்கும். சில மிக்சர்களின் அடாப்டர் தருவது டிசி அல்ல, ஏசி. பிளக்கின் வடிவம் ஒன்றாக இருப்பதால் டிசி அடாப்டரைச் செருகினால் மிக்சர் இயங்காது, அல்லது ஒலி பாதியில் நசுங்கி வரும். டிசி மிக்சருக்கு ஏசியைக் கொடுத்தால் உள்ளே கெட்டுப்போகும். அடாப்டர் மிக்சர்தான் பட்ஜெட்டுக்கு வருகிறது என்றால் வோல்ட், ஆம்பியர், ஏசியா டிசியா, நடு முனை பிளஸா மைனஸா ஆகிய நான்கையும் மிக்சரின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு மாற்று அடாப்டரின் விலையையும் அன்றே கணக்கில் சேருங்கள்.

எஃபெக்டும் யுஎஸ்பியும்

கம்ப்யூட்டர் மென்பொருளில் பாட்டுப் போடுகிறவருக்கு அதே எஃபெக்டுகள் மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. மிக்சரில் அதற்கு மறுபடி காசு கொடுப்பது வீண். மிக்சரில் உண்மையில் அதிகம் பயன்படுவது சேனலுக்கு ஒரு குமிழாக வரும் ஃபில்டர் மட்டும்தான். சென்ட், ரிட்டர்ன் சாக்கெட்டுகள் இருந்தால் பின்னாளில் வெளி எஃபெக்ட் பெட்டி ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். அது இருபது எஃபெக்டுகள் எழுதிய மலிவுப் பலகையைவிட மேல்.

உள்ளே சவுண்ட் கார்டு உள்ள மிக்சருக்கு இரண்டு ஆயுள் உண்டு: சாதனத்தின் ஆயுள், டிரைவரின் ஆயுள். பின்னதுதான் பெரும்பாலும் முதலில் முடியும். 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் மென்பொருள்களை ஒரேயடியாக நிறுத்தியபோது, அந்தக் காலத்து டீஜே மென்பொருள்களும் சாதனங்களின் செட்டிங் பேனல்களும் திறக்கவே மறுத்தன. மிக்சருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கம்ப்யூட்டரோடு பேச முடியாமல் போனது. டிரைவர் இல்லாமலே ஓடும் யுஎஸ்பி உள்ளதா, உங்கள் இயங்குதளப் பதிப்புக்கு இப்போது டிரைவர் தருகிறார்களா, செரட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ் போன்ற டீஜே மென்பொருள் டைம்கோடு வசதியை (டர்ன்டேபிளைக் கொண்டு கம்ப்யூட்டர் பாட்டை ஆட்டுவிப்பது) இந்த மிக்சரில் தனிக் கட்டணம் இல்லாமல் திறக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். உரிமக் கட்டணம் தனி என்றால் அதுவும் மிக்சரின் விலைதான். சவுண்ட் கார்டே இல்லாத அனலாக் மிக்சருக்கு இந்தக் கவலை கிடையாது. தனியாக ஒரு சவுண்ட் கார்டு பெட்டி வாங்கினால் அது பழசாகும்போது அதை மட்டும் மாற்றலாம்.

ஃபேடருக்குப் பதில் பெரிய குமிழ்கள் வைத்த ரோட்டரி மிக்சர்களின் விலை பார்த்தால் தலை சுற்றும். போசாக், யூரே 1620 என்ற பழைய மிக்சர்களின் வழியில் வந்த அவற்றில் பெரும்பாலானவை சிறு பட்டறைகளில் குறைந்த எண்ணிக்கையில் கையால் செய்யப்படுபவை. பாகங்கள் உண்மையாகவே உயர்தரம். ஆனால் விலையின் ஒரு பெரிய பகுதி குறைந்த எண்ணிக்கைக்கான விலை. வேகமான வெட்டுகளுக்கு அவை ஆகாது.

இரண்டு சேனலா, நான்கு சேனலா

நீங்கள் கேட்ட நேரடிக் கேள்விக்கு வருகிறேன். ஒரே விலையில் என்றால் இரண்டு சேனலைத்தான் எடுக்கச் சொல்வேன். நான்கு சேனல் மிக்சரில் குமிழ், ஃபேடர், சாக்கெட், உள்ளீட்டுச் சர்க்யூட் எல்லாம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. விலை ஒன்றே என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் செலவழித்தது பாதியாகத்தான் இருக்க முடியும். அதன் மேல் எஃபெக்ட் சிப்பும் திரையும் வேறு. நான்கு சேனல் தேவைப்படுவது, மூன்றாவது பிளேயரோ டிரம் மெஷினோ கையில் ஏற்கெனவே இருப்பவருக்கு, அல்லது கிளப்பில் இருக்கும் அதே அமைப்பில் கை பழக வேண்டியவருக்கு. ‘ஒரு நாள் தேவைப்படலாம்’ என்பது போதுமான காரணம் இல்லை.

மூன்று மடங்கு விலை உள்ளதை எப்படி எடைபோடுவது? வருஷக் கணக்குப் போடுங்கள். வாங்கும் விலையோடு பழுதுச் செலவைக் கூட்டி, விற்கும்போது கிடைப்பதைக் கழித்து, ஓடும் வருஷங்களால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 100 பங்கு விலையுள்ள மிக்சர் 2 வருஷம் ஓடி, விற்க முடியாமல் போனால் வருஷத்துக்கு 50. அதே 300 பங்கு விலையுள்ளது 8 வருஷம் ஓடி, நடுவில் கிராஸ்ஃபேடருக்கு 25 செலவாகி, கடைசியில் 100க்கு விலைபோனால் மொத்தம் 225, வருஷத்துக்கு 28. ஆனால் மாதம் ஒரு முறை மட்டும் மிக்சரைத் திறக்கிறவரிடம் 100 பங்கு மிக்சரும் 6 வருஷம் ஓடும், அவருக்கு வருஷத்துக்கு 17தான். விலை உயர்ந்தது எல்லோருக்கும் லாபம் இல்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம் கை வைப்பீர்கள் என்பதே இந்தக் கணக்கைத் திருப்பிப்போடுகிறது.

உங்கள் நிலையில் எனக்கு மிகப் பிடித்த வழி மூன்றாவது ஒன்று: புது மலிவு மிக்சரின் விலைக்கு, ஒரு தலைமுறை பழைய நல்ல மிக்சரை செகண்ட் ஹேண்டில் வாங்குவது. அதற்குச் சோதனை கண்டிப்பாக வேண்டும். சொந்த ஹெட்ஃபோன், ஃபோனிலிருந்து ஆர்சிஏவுக்குப் போகும் கேபிள், ஃபோனில் ஒரு 1 கிலோஹெர்ட்ஸ் சீரான ஒலிக் கோப்பு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சீரான ஒலியில் சிறு கரகரப்பும் தப்பாது, பாட்டில் அது ஒளிந்துகொள்ளும்.

மிக்சரைப் போடும்போது ஹெட்ஃபோனைக் காதில் வைக்காதீர்கள், பலமான ‘டப்’ வரலாம். ஒலியை ஒவ்வொரு சேனலாகக் கொடுத்து, கெய்ன், ஈக்யூ, ஃபேடர் எல்லாவற்றையும் மெதுவாக முழுத் தூரம் நகர்த்துங்கள். கரகரப்பு, திடீர் மௌனம், இடது வலது மாறி மாறி விழுவது, மூன்றையும் கவனியுங்கள். கிராஸ்ஃபேடரை மூடி, மாஸ்டரை கியூவில் போட்டு, ஹெட்ஃபோன் ஒலியை முழுக்க ஏற்றுங்கள். ஒலி கசிந்தால் ஃபேடர் தேய்ந்திருக்கிறது. அது பேரம் பேச நல்ல காரணம், வாங்காமல் விட காரணம் இல்லை, மாற்று ஃபேடர் கிடைக்கிறது என்றால். பின்னால் ஒவ்வொரு பிளக்கையும் லேசாக ஆட்டுங்கள். எக்ஸ்எல்ஆர், பூத், ஹெட்ஃபோன் என எல்லா வெளியீட்டிலும் இரண்டு பக்கமும் வருகிறதா பாருங்கள். குமிழ்களைச் சுற்றிப் பிசுபிசுப்போ, ஃபேடர் பிளவில் பழுப்புக் கறையோ இருந்தால் உள்ளே ஏதோ பானம் சிந்தியிருக்கிறது. அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். சர்க்கரை போர்டில் காய்ந்து, மாதங்கள் கழித்து அரிப்பை உண்டாக்கும்.

தேய்ந்த கிராஸ்ஃபேடரை மாற்றுவது வீட்டிலேயே முடியும். மின்கேபிளைக் கழற்றுங்கள். ஃபேடரின் தொப்பியை நேராக மேலே இழுத்து எடுங்கள். மேல்தகட்டின் வெளித்திருகுகளை மட்டும் கழற்றினால் ஃபேடர் தன் பட்டியோடு வெளியே வரும். கேபிள் எந்தத் திசையில் செருகியிருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையைப் பிடித்துக் கழற்றுங்கள். புதியதைப் பொருத்தி, மூடுவதற்கு முன்பே ஒரு முறை மிக்சரைப் போட்டுச் சோதியுங்கள். தலைகீழாகச் செருகியிருந்தால் இடமும் வலமும் மாறியிருக்கும், அல்லது ஒலியே வராது.

கரகரப்பு மட்டும்தான் என்றால் மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பாருங்கள். முதலில் காற்று ஊதித் தூசியை அகற்றுங்கள். அதில் தீரவில்லையென்றால் ஃபேடருக்கென்று விற்கும் உயவு கலந்த கிளீனரைத் துளி விட்டு, 20, 30 முறை முன்னும் பின்னும் ஓட்டி, காய்ந்த பிறகு மின்சாரம் கொடுங்கள். கடும் கான்டாக்ட் கிளீனர் அழுக்கோடு கிரீஸையும் கழுவிவிடும். அன்று ஒலி தெளிவாகிவிடும், சில வாரத்தில் ஃபேடர் லொடலொடவென்று ஆகி முன்னைவிட வேகமாகத் தேயும். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் ஸ்பிரே எதுவும் ஆகாது. காந்த, ஒளி வகை ஃபேடருக்குள் எதையும் தெளிக்காதீர்கள். கம்பியைத் துணியால் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயை ஒரு சொட்டு தடவினால் போதும்.

புதியது வாங்கினாலும் இதே சோதனைகளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். சோதனையில் கடைசியாக, ஒலி ஓடிக்கொண்டிருக்க முக்கால் மணி நேரம் மிக்சரைப் போட்டே வையுங்கள். குளிர்ந்த நிலையில் ஒழுங்காக இருக்கும் விரிசல் விட்ட சால்டரும் சோர்ந்த கெபாசிட்டரும் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். கெபாசிட்டர் என்றால் இரைச்சல் மெல்ல ஏறும், சால்டர் என்றால் ஒரு சேனல் திடீரென விழும். மேல்தகடு கை வைக்க முடியாத அளவு சுட்டாலும் எடுக்க வேண்டாம்.